மறுபார்வை

செப்டம்பர் 3, புதன்

பைண்டிங் செக்‌ஷனில் ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட டைரி ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். எடுத்து வந்து எட்டு மாதமாகிறது. இன்றுதான் முதல் எழுத்து. மாரீஸ்வரி ஒரு வாரம் லீவு. புலம்புவதற்கு ஆளில்லை என்றால் டைரியிடம்தான் புலம்ப வேண்டும்.

நானும் மாரியும் காலண்டர் ஆபீசில் புரூஃப் பார்க்கிறவர்கள். பதினான்கு வருடமாக ஒரே மேஜை. கையெழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொண்டு நான் சத்தமாகப் படிப்பேன். அவள் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டு வரிக்கு வரி "ம்" என்பாள். தப்பு கண்ணில் பட்டால் "நில்லு" என்பாள். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில் அவளுடைய மாமியார் வந்து போவார், என் மகனின் அரியர் பேப்பர் வந்து போகும். வேலையும் நடக்கும், கதையும் நடக்கும். சிவகாசியில் எத்தனையோ ஆபீஸ் உண்டு. இப்படி ஒரு ஜோடி எங்கேயும் கிடையாது என்று மேனேஜர் தனுஷ்கோடி அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் மூன்று கட்டம் இருக்கும். படித்தவர், பார்த்தவர், மறுபார்வை. மூன்றிலும் கையெழுத்து விழுந்தால்தான் பிளேட் போடப் போகும். மறுபார்வைக்கு ஜூலையில் ஒரு பெண் வந்திருக்கிறாள். ஜெனிட்டா, நாகர்கோவில் பக்கம், இருபத்தைந்து வயது. மாரி வரும்வரை என்னோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவளுக்கு "ம்" வராது. ஒரு வரி படித்தால் தாளைப் பார்ப்பாள், விரலை வைப்பாள், மறுபடியும் பார்ப்பாள், அப்புறம் "சரி" என்பாள். அந்த "சரி" வருவதற்குள் நான் அடுத்த வரியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என் மகன் காலேஜ் எப்படி என்று ஒரு வார்த்தை ஆரம்பித்தேன். "ஒரு நிமிசம் அக்கா, இந்த வரி பாத்துக்கிடுகேன்" என்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் "சரி". தலைவலி. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாரி வந்துவிட்டாள். அப்பாடா. மத்தியானச் சாப்பாட்டில் அந்தப் பெண்ணைப் போலப் பேசிக் காட்டினேன். "பாக்கேன் அக்கா, போடுகேன் அக்கா." மாரிக்குப் புரையேறிவிட்டது.

ஜெனிட்டா அவளுடைய மேஜையிலேயே டப்பாவைத் திறந்து, தாளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். யாரும் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நெஞ்செரிச்சலாக இருக்கிறது. மிளகாய் பஜ்ஜியால் அல்ல.

ஏப்ரல் ஷீட்டில் "பிரதோஷம்" என்பது "பிரதோம்" என்று இருந்திருக்கிறது. நானும் மாரியும் விட்டுவிட்டோம். ஜெனிட்டா பிடித்துவிட்டாள். பிடித்தவள் எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? சிவப்பு மையில் வட்டம் போட்டு நேரே அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டாள். அவர் எல்லோரும் கேட்க, "ஏம்மா, பதினாலு வருசமாப் பாக்குறீக. கண்ணாடி மாத்தணுமா?" என்றார்.

அப்புறம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்ககிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"அண்ணாச்சி மேசைலதானே வைக்கச் சொன்னாங்க அக்கா."

குதர்க்கமாகச் சொன்னாளா, ஒன்றும் தெரியாமல் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "கொழுப்புடி" என்றாள் மாரி.

செப்டம்பர் 17, புதன்

அண்ணாச்சி ஒரு தாள் கொடுத்தார். ஜெனிட்டாவுக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. நேரத்துக்கு வருகிறாளா, வேலை சுத்தமா என்றெல்லாம் நான்கைந்து கேள்வி. கடைசியில், "மற்றவர்களோடு ஒத்துப்போகிறாரா?"

"ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாக்குற ஒனக்குத்தானம்மா தெரியும். நீ எழுதுறத வச்சுத்தான் முடிவு" என்றார்.

வீட்டில் அதை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"நல்லா வேலை பாக்குதா அந்தப் பிள்ள?"

"பாக்குது."

"பெறகென்ன?"

"ஒத்துப்போகணும்ல."

"யாரு யாரோட?" என்றார். இவருக்கு ஆபீஸ் விஷயம் என்ன தெரியும்? லோடு ஏற்றினோமா, வண்டியை எடுத்தோமா என்று இருக்கிறவர். இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பதினோரு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு ஓட்டமாக ஓடினேன். மே மாத ஷீட் படித்தோம். நானும் மாரியும் பேசிக்கொண்டே படித்தோம், மளமளவென்று முடிந்தது. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சாயங்காலம் ஐந்தரைக்கு பிளேட் செக்‌ஷனிலிருந்து மூன்றாவது தடவையாக ஆள் வந்தது, மே ஷீட் எங்கே என்று. ஜெனிட்டா மேஜையில்தான் இருந்தது. படித்தவர், பார்த்தவர் இரண்டு கட்டத்திலும் எங்கள் கையெழுத்து விழுந்தாயிற்று. மூன்றாவது கட்டம் காலி.

"பன்னெண்டாந்தேதி வரைக்கும்தான் அக்கா பாத்திருக்கேன். மிச்சத்தைப் பாத்துட்டுப் போடுகேன்."

"பிளேட்டுக்காரங்க நம்மளத்தான் திட்டிட்டுப் போறாக. நானும் மாரியும் பாத்ததுதான், போடு."

"பாக்காம எப்படிக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லு. இந்த ரூம்ல ஒருத்தர ஒருத்தர் நம்பித்தான் வேலை ஓடுது. நீ மட்டும் தனியா ஒரு ஆபீஸ் நடத்துற."

அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, என்னப் பத்தி எழுதுகதுக்கு உங்ககிட்டத் தாள் தந்திருக்காங்கன்னு சொன்னாங்க."

"பாப்போம்" என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டரை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

மத்தியானம் மாரியே எழுந்து போய், "ஏய் நாகர்கோவிலு, வா, இங்க வந்து உக்காரு" என்று கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்தாள். கப்பைக்கிழங்கும் மீனும் கொண்டுவந்திருந்தாள். எங்கள் புளிக்குழம்புக்கு முன்னால் அந்த மீன் ராஜா. மாரி வீட்டுக் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் தங்கியிருக்கிற விடுதியில் வேலை இருக்கிறவர்களுக்குத்தான் இடமாம். இதற்கு முன் இரண்டு இடத்தில் "ஒத்துவரலை" என்று அனுப்பிவிட்டார்களாம். அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வழிக்கு வந்துட்டா" என்றாள் மாரி பஸ் ஸ்டாப்பில். நானும் ஆமாம் என்றேன். எனக்கு என்னவோ சரியாகத் தூக்கம் வரவில்லை. மீன் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

ஒரு வாரத்துக்கு மேலாக எழுதவில்லை. எழுத இப்படி ஒரு நாளா வர வேண்டும்.

காலையில் நகைக்கடைக்கு காலண்டர் எடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் வந்தார். அச்சான ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அண்ணாச்சி, ஒங்க காலண்டர்ல கரிநாள்ல கல்யாணம் வச்சிருக்கீகளே!"

மே முப்பது, வைகாசி பதினாறு. மேலே "கரிநாள்". கீழே "சுபமுகூர்த்த நாள்". முந்தின நாள், பதினைந்தில் விழ வேண்டிய வரி ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது. நல்ல நாளைப் பார்த்து மண்டபம் பிடிக்கிற சனம் இதைப் பார்த்தால் காறித் துப்பும். மே ஷீட் மொத்தமும் அச்சாகிவிட்டது. மறுபடி பிளேட், மறுபடி பேப்பர், மறுபடி மெஷின். தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய சரக்கு.

அண்ணாச்சி புரூஃப் தாளை எடுத்து வந்து எங்கள் நடுவில் போட்டார். மூன்று கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன.

"படிச்சவுக, பாத்தவுக ரெண்டு பேரும் விட்டாக. சரி, மனுசங்கதான். அதுக்குத்தான மூணாவது ஒரு கண்ணு வச்சிருக்கேன்? கடைசியாப் பாத்தது யாரு?"

ஜெனிட்டா எழுந்து நின்றாள். "நான்தான்."

"பாத்துத்தான் போட்டியா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "கையெழுத்து என்னுதுதான் அண்ணாச்சி" என்றாள்.

மேஜைக்கு அடியில் மாரி என் காலை மிதித்தாள். அமுக்கி மிதித்தாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாரி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்துறாத. அவ சின்னப் பிள்ள, வேற எங்கயாச்சும் சேந்துக்குவா. எனக்கு இது போனா என்ன இருக்கு? எங்க வீட்டு ஆளு கால ஒடச்சிக்கிட்டுப் படுத்துக்கெடக்காரு, தெரியும்ல."

தெரியும். எனக்குத் தெரியாமல் அவள் வீட்டில் ஒரு தம்ளர் உடையாது.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அன்றைக்கு மே மாதம் படித்தபோது மாரிதான் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் கதை. அதில்தான் கவனம் சிதறியிருக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. புரூஃப் மேஜையில் ஸ்கேலும் சிவப்புப் பேனாக்களும் வைத்துப் பொட்டு வைத்தோம். ஜெனிட்டா சர்ச்சுக்குப் போகிற பெண், ஆனாலும் எங்களுக்கு முன்னால் வந்து ரூமைக் கூட்டி மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள்.

பொரி வாங்கப் போனபோது அண்ணாச்சி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாய்யா, புதுப் பிள்ளதான். பாக்காமக் கையெழுத்தப் போட்ருக்கு. வெள்ளிக்கிழமை அனுப்பிருவேன். ஒங்ககிட்ட வந்து கேட்டாலும் கேக்கும், பாத்துக்கோங்க." இந்த ஊரில் ஓர் ஆபீசில் சொன்னால் போதும், எல்லா ஆபீசுக்கும் போய்விடும். இனி எந்தக் காலண்டர்காரரும் அவளைப் படி ஏற்ற மாட்டார். மாரி சொன்னதுபோல் வேறு எங்கேயும் சேர்ந்துகொள்ள முடியாது.

படிக்கட்டில் அவள் எதிரே வந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன்.

"அக்கா, நீங்க பயப்படாண்டாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. பொரியை அப்படியே பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. பரணைச் சுத்தம் பண்ணினேன். பழைய பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன் போல. "அது வெள்ளியாகப் போறதில்ல, வச்சிரு" என்றார் இவர்.

முந்தாநாள் எழுதியது பொய். டைரியில்கூடப் பொய் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மாரி பேசவில்லை. நான்தான் பேசினேன். ஜெனிட்டாவைப் பற்றி. "வைகாசி பதினைந்து, சுபமுகூர்த்த நாள்" என்று படித்துவிட்டு, பேச்சு ருசியில், நிறுத்தாமல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை. மாரி "ம்" என்றாள். அந்த "ம்" வரிக்கா, என் பேச்சுக்கா என்று நான் பார்க்கவில்லை. "வைகாசி பதினாறு, கரிநாள்." அதற்கும் ஒரு "ம்". அவள் கண் தாளில் இல்லை, என் முகத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்தே இருந்தது. இப்போது எழுதும்போது அவள் முகம் அப்படியே தெரிகிறது, உதட்டோரச் சிரிப்போடு.

என்ன பேசினேன் என்பதை எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அண்ணாச்சி அறைக்குப் பதினொரு மணிக்குப் போனேன். டைப் அடித்த கடிதம் மேஜையில் தயாராக இருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளையப் பாக்க விடாமக் கையெழுத்துப் போட வச்சது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி வரைதான் பார்த்திருக்கிறேன் என்று அவள் சொன்னது, நான் திட்டியது, படிக்கும்போது நான் பேசியது எல்லாம்.

"நீ பேசுன. மாரீஸ்வரி?"

"அவ 'ம்' கொட்டுனா. பேசுனது நான்தான்."

அவர் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்துத்தான். "ஏம்மா, நீதான இந்தப் பிள்ள ஒத்துவராதுன்னு எழுதிக் குடுத்த? அதையும் வச்சுத்தான நான் முடிவெடுத்தேன்? இப்ப வந்து அவளுக்காகப் பேசுற?"

ஆமாம். நான்தான் எழுதினேன். பதினெட்டாம் தேதி காலையில், தண்ணீர் பிடித்த ஈரக் கையோடு போய்க் கொடுத்தேன். அன்றைக்கு மே ஷீட் படிக்கும்போது மாரியிடம் சொன்னதும் அதுதான். "அவளுக்குச் சீட்டுக் கிழிச்சாச்சுடி. மாசக் கடைசி வரைக்கும்தான்." எழுதிவிட்டேன், போதும்.

அண்ணாச்சி மேஜையில் இருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஜெனிட்டா இருக்கலாம். நான் திங்கள் முதல் கீழே தாள் அடுக்குகிற ஹாலுக்குப் போக வேண்டும். சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். மாரியைக் கூப்பிட்டு எச்சரித்தார். வேலை போகவில்லை.

மாரி பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல செல்வி? வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவள் தனியாக பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். பதினான்கு வருடம்.

அக்டோபர் 4, சனி

மேஜை டிராயரைக் காலி பண்ணினேன். இரண்டு ஸ்கேல், ஒரு தைலக் குப்பி, மாரியின் ஒற்றை வளையல். வளையலை அவள் பக்கம் வைத்தேன். அவள் நிமிரவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஜெனிட்டா காத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாய்கூடத் தயாராக இருந்தது. வெட்கக்கேடு.

"அக்கா, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"அந்தத் தாள நீங்க என்னைக்கு எழுதிக் குடுத்தீங்க?"

அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அல்லது மாரி. இரண்டு பேரில் யார் என்று கேட்கத் தைரியமில்லை.

"பதினெட்டாந்தேதி காலைல."

விரலை மடக்கி எண்ணினாள். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள். "நான் கையெழுத்துப் போட்டது பத்தொம்பது."

"ஆமா."

"அப்ப நான் உங்ககிட்டக் கேட்டப்போ, பாப்போம்னு சொன்னீங்களே."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் ஏறவில்லை. என்னால் ஏறவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நான் ஒரு நாளும் பாக்காமப் போட்டதில்லக்கா. ரெண்டு எடத்துலயும் அதுக்குத்தான் அனுப்புனாங்க. இங்கயும் அனுப்பிருவாங்கன்னு பயந்துதான் போட்டேன்." சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்ல. பயந்து மட்டும் இல்ல."

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்ககூட உக்காந்து சாப்பிட்ட அன்னைக்கு ராத்திரி எங்க அம்மைக்குப் போன் போட்டேன். அம்மா, இனி கவலப்படாத, இங்க எனக்கு ரெண்டு அக்காமாரு கெடச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

குரல் உயரவே இல்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்திருப்பேன். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். இவர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பஸ் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.